டார்வினும் சென்னைப் புறாவும்
(பரிணாமக் கொள்கை பிறந்த கதையில் நாம் விடும் தப்புகள்)



முதலாம் ஆண்டில் நம் மாணவர் பேரவை நடத்திய பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன் நான். பரிசு, ஆறு எவர்சில்வர் டம்ளர். டார்வினைப் பற்றித்தான் பேசினேன். "கப்பல் ஏறினார்! கலாபகஸ் தீவில் இறங்கினார்! குருவியின் அலகைப் பார்த்தார்! கொள்கை பிறந்தது!" என்று நான் கையை உயர்த்தியதும் எழுந்த கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. "ஆனால் அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் தில்லையிலே..." என்று முடித்தபோது விசில்கூடக் கேட்டது.

வீட்டுக்கு வந்து டம்ளரைக் காட்டினேன். பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தில் வேலை பார்க்கும் என் சித்தப்பா அன்று வந்திருந்தார். பேச்சை ஒருதரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பேசியிருக்கடா. டம்ளருக்கு ஒண்ணுன்னு ஆறு தப்பு இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து படித்தேன். எண்ணிப் பார்த்தால் தப்பு ஆறுக்கும் மேலே! அரங்கத்தில் கைதட்டிய உங்களுக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கிதான் இந்தக் கட்டுரை.

குருவியைப் பார்த்தார்... ஆனால்?

பாறைமேல் நிற்கும் இளைஞர், எதிரே குருவிகள், தலைக்குள் பளிச்சென்று ஒரு விளக்கு. சினிமாவுக்கு நல்ல காட்சி. நடந்தது அப்படி இல்லை.

பீகிள் கப்பல் இங்கிலாந்தை விட்டது 1831 டிசம்பர் 27. அதன் வேலை உயிரினம் தேடுவது அல்ல, தென் அமெரிக்கக் கடற்கரையை அளந்து வரைபடம் போடுவது. அதாவது சர்வே! (சிவில் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்.) 22 வயது டார்வின் அதில் போனது கேப்டன் ஃபிட்ஸ்ராய்க்குப் பேச்சுத்துணையாக, அப்பா காசில். 1835 செப்டம்பரில் கலாபகஸ் சேர்ந்து, ஐந்து வாரம் இருந்தார்கள். அங்கே சேகரித்த ஃபிஞ்ச் குருவிகளில் எது எந்தத் தீவில் கிடைத்தது என்று அவர் ஒழுங்காகச் சீட்டு எழுதி வைக்கவில்லை. தேதி எழுதாமல் கான்கிரீட் க்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, 28ஆம் நாள் எது எதென்று விழிப்போமே, அந்த நிலைதான்! அவை எல்லாம் ஒரே குடும்பம் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவு ஆமை என்று சொல்ல முடியும் என அங்கிருந்த துணை ஆளுநர் சொன்னதும் அப்போது மனதில் ஏறவில்லை. கப்பலில் ஆமைகளைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஓடுகளைக் கடலில் எறிந்துவிட்டார்கள்.

1836 அக்டோபரில் ஊர் திரும்பினார். 1837 ஜனவரியில் லண்டனில் ஜான் கூல்ட் என்ற பறவை நிபுணர்தான் தோல்களைப் பரப்பி வைத்துப் பார்த்து, இவை எல்லாம் நெருங்கிய சொந்தமுள்ள, ஆனால் தனித்தனி இனங்கள் என்று சொன்னார். பிறகுதான் டார்வின் ஓடி ஓடி, ஃபிட்ஸ்ராயும் மற்றவர்களும் தீவின் பெயர் எழுதி வைத்திருந்த குருவிகளை வாங்கிச் சரிபார்த்தார். உண்மையில் அவரை முதலில் உறுத்தியது ஃபிஞ்ச் அல்ல, மாக்கிங்பேர்டு என்ற இன்னொரு பறவை. அதற்கு மட்டும் தீவின் பெயர் எழுதி வைத்திருந்தார். 1859இல் வந்த அவருடைய புத்தகத்தில் நான் மேடையில் பேசிய அந்தக் குருவி அலகு விஷயத்துக்குத் தனியாக ஒரு பத்திகூட இல்லை. 'டார்வின் குருவிகள்' என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியதே 1947இல் டேவிட் லாக் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான்.

முதலில் சொன்னவரும் அவர் அல்ல

உயிரினங்கள் மாறுகின்றன என்ற எண்ணத்துக்கு டார்வின் சொந்தக்காரர் இல்லை. அவர் தாத்தா இராஸ்மஸ் டார்வினே எழுதியிருக்கிறார். பிரான்சில் லமார்க் 1809இல் புத்தகமே போட்டார். டார்வின் பிறந்த வருடம் அது! 1844இல் ராபர்ட் சேம்பர்ஸ் என்பவர் பெயர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டு லண்டனையே கலக்கினார்.

எனக்குப் பிடித்தவர் பாட்ரிக் மேத்யூ. கப்பல் கட்டும் மரம் வளர்ப்பது எப்படி என்று 1831இல் எழுதிய புத்தகத்தின் பின்னிணைப்பில், இயற்கைத் தேர்வின் சாரத்தைப் போகிற போக்கில் எழுதி வைத்தார். யார் படிப்பார்கள்? 1860இல் அவரே பத்திரிகைக்கு எழுதி முறையிட்டார். டார்வின் ஒப்புக்கொண்டு, அடுத்தடுத்த பதிப்புகளில் முன்னோடிகளின் பெயர்களைச் சேர்த்தார்.

அப்படியென்றால் டார்வின் செய்தது என்ன? மாற்றம் எப்படி நடக்கிறது என்று ஒரு வழிமுறை சொன்னார். அதற்குச் சாட்சியத்தை மலைபோல் குவித்தார். இந்தக் குவிக்கிற வேலையில்தான் நம் ஊர்ப் பக்கம் வருகிறது.

ராக் பிஜன், அதாவது நம் மாடப்புறா

1838 செப்டம்பரில் டார்வின் மால்தஸ் எழுதிய மக்கள்தொகைக் கட்டுரையைப் படித்தார். பிறப்பது அதிகம், பிழைப்பது கொஞ்சம் என்ற கணக்கு அவருக்கு வழிகாட்டியது. இந்த மால்தஸ் யார் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க ஹெய்லிபரியில் வைத்திருந்த கல்லூரியின் பேராசிரியர். அந்தக் கல்லூரியில் படித்து சென்னை மாகாணத்துக்கு வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் வால்டர் எலியட். பின்னாளில் சென்னை ஆளுநரின் ஆலோசனைக் குழுவில் இருந்தார். பறவை, நாணயம், கல்வெட்டு என்று எதையும் விடாத மனுஷன்.

1855 வாக்கில் டார்வின் புறா வளர்க்க ஆரம்பித்தார். லண்டனில் புறாக்காரர்கள் கூடும் கிளப்புகளில் உறுப்பினரானார். பெரிய விஞ்ஞானி, பக்கத்தில் சாராயக்கடை மேசை, எதிரே புறாக்காரர்! கர்ணப்புறா, விசிறிப்புறா, தொண்டையைப் பலூன் போல ஊதும் பவுட்டர் என்று பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இத்தனை வகையும் ஒரே காட்டுப் புறாவிலிருந்து மனிதன் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததால் வந்தவை என்று காட்ட வேண்டும். அதற்கு இங்கிலாந்துப் புறா மட்டும் போதாது. 1856 ஜனவரியில் எலியட்டுக்குக் கடிதம் எழுதி, இந்தியப் புறாக்களின் தோல்களைக் கேட்டார். சென்னையிலிருந்து தோல்கள் போயின. டார்வின் தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே எலியட்டின் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்திருக்கிறார்.

அந்த மூலக் காட்டுப் புறா எங்கோ இல்லை. நடராசர் கோயில் கோபுர மாடங்களில் சாயங்காலம் வந்து அடைகிறதே சாம்பல் நிறப் புறா, கழுத்தில் பச்சையும் ஊதாவும் மின்ன, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டையோடு, அதேதான். மொட்டை மாடியில் கர்ணப்புறா வளர்க்கும் நம் நண்பர்களைக் கேளுங்கள். பல ரகங்களைக் கலந்து விட்டால் சில சமயம் குஞ்சு இந்தச் சாம்பல் நிறத்திலேயே வந்து நிற்கும் என்பார்கள். டார்வினும் இதைச் செய்து பார்த்தார். பாட்டன் நிறம் பேரனுக்கு வந்ததை ஒரு முக்கியமான சாட்சியாகக் காட்டினார்.

விருத்தாசலத்துச் சிப்பிகள்

1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் கல்லாகிப் போன சிப்பிகளையும் சங்கு போன்ற உயிர்களையும் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் அறிக்கை வெளியிட்டார். ஐரோப்பாவின் சுண்ணப் பாறைக் காலத்து உயிர்களோடு இவை ஒத்துப்போயின. கடலைத் தாண்டி, கண்டத்தைத் தாண்டி, ஒரே காலத்தில் உயிர்க்கூட்டங்கள் ஒரே போக்கில் மாறியிருக்கின்றன என்பதற்கு டார்வின் தன் புத்தகத்தில் அடுக்கும் இடங்களில் இந்தியத் தீபகற்பமும் ஒன்று. ஊர்ப் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் தீபகற்பத்திலிருந்து அன்று அச்சில் விரிவாக வந்திருந்தவை நம் தென்னாற்காடு, பாண்டிச்சேரி, திருச்சிக் கற்கள்தான்.

பஸ்ஸில் விருத்தாசலம் வழியாக எத்தனை தடவை போயிருப்போம்!

திருவக்கரை கல்மரங்களையும் சொல்ல வேண்டும். 1781இலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றிப் பதிவு செய்தார். சுமார் 2 கோடி வருடப் பழமை. அவை கிடக்கும் பாறைக்குப் புவியியல்காரர்கள் வைத்த பெயரே 'கடலூர் மணற்கல்'. நம் கேப்பர் மலைச் செம்மண்ணுக்குக் கீழே இருப்பதும் அந்த வகைதான். ஊரில் அவற்றை அசுரனின் எலும்பு என்பார்கள். சிரிக்காதீர்கள். ஐரோப்பாவிலும் யானை எலும்பை ராட்சதன் எலும்பு என்று வெகுகாலம் நம்பினார்கள். பொருள் எல்லோர் கண்ணிலும் பட்டது. அதை எந்தக் கேள்விக்குப் பதிலாக வைப்பது என்பதுதான் பிறகு வந்தது.

திருடினாரா?

"டார்வின், வாலஸிடமிருந்து காப்பி அடித்தார்" என்று ஹாஸ்டலில் அடித்துச் சொல்லும் நண்பர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் பாதி நம்பினேன்.

டார்வின் 1842இல் 35 பக்கத்தில் ஒரு சுருக்கம் எழுதினார். 1844இல் அதை 230 பக்கமாக்கி, தான் இறந்துபோனால் இதை அச்சிட வேண்டும் என்று மனைவிக்குக் கடிதமும் எழுதி வைத்தார். பிறகு? 1846இலிருந்து எட்டு வருடம் பார்னக்கிள் ஆராய்ச்சி. கடலூர் துறைமுகத்தில் படகின் அடியிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்குமே, அதேதான். எட்டு வருடமும் பயந்து ஒளிந்துகொண்டிருந்தார் என்பதும் சரியாகப் படவில்லை. ஓர் இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்க முடியும் என்பதை அவர் கையால் கற்றது அங்கேதான்.

வாலஸ் ஏழை. மலேயாத் தீவுக்கூட்டத்தில் பூச்சியும் பறவையும் பிடித்து, விற்றுப் பிழைத்தவர். 1855இல் சரவாக்கில் இருந்து அவர் எழுதிய கட்டுரையைக் கவனி என்று டார்வினுக்குச் சொன்னவர்களில் ஒருவர் கல்கத்தாவில் இருந்தார். ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளர் எட்வர்ட் பிளித். டார்வின் அதன் முழுக் கனத்தை அப்போது உணரவில்லை. 1858 பிப்ரவரியில் காய்ச்சலில் படுத்திருந்த வாலஸுக்கு, அதே மால்தஸ் நினைவில் வர, அதே இயற்கைத் தேர்வு தோன்றியது. எழுதி டார்வினுக்கே அனுப்பினார். ஜூன் 18 வாக்கில் கடிதம் வந்தது. டார்வின் ஆடிப்போனார். நண்பர்கள் லையலும் ஹூக்கரும் இருவர் எழுத்தையும் சேர்த்து 1858 ஜூலை 1 அன்று லின்னேயன் சங்கத்தில் வாசிக்க வைத்தார்கள். அன்று இருவருமே அங்கே இல்லை. வாலஸ் இருந்தது பூமியின் மறுபக்கம். டார்வினின் கைக்குழந்தை ஜூன் 28 அன்றுதான் இறந்திருந்தது.

வாலஸின் அனுமதியைக் கேட்காமல் வாசித்தது சரியா என்று கேட்டால், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பணமும் செல்வாக்கும் உள்ளவர் பெயர் முதலில் வாசிக்கப்பட்டது. ஆனால் திருட்டு? 1842, 1844 கையெழுத்துப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன. வாலஸே 1889இல் எழுதிய தன் புத்தகத்துக்கு 'டார்வினிசம்' என்று பெயர் வைத்தார்! பொருள் பறிகொடுத்தவன் செய்கிற காரியமா அது?

கூட்டத்தில் பெரிய பரபரப்பும் இல்லை. அந்த ஆண்டு புரட்சிகரமான கண்டுபிடிப்பு எதுவும் வரவில்லை என்று சங்கத் தலைவர் தாமஸ் பெல் பின்னர் சொன்னார். பாவம்.

பிளித்திடமிருந்து திருடினார் என்று 1959இல் ஓர் அமெரிக்கர் கிளப்பிவிட்ட கதையும் உண்டு. பிளித் 1835இலேயே பலவீனமானவை கழிக்கப்படுவதைப் பற்றி எழுதியது உண்மை. ஆனால் அவர் பார்வையில் அந்தக் கழிவு, இனம் மாறாமல் காப்பதற்கு. டார்வினுக்கு அது இனம் மாறுவதற்கு. ஒரே ஃபைல்தான், ஒருவர் துருவை எடுக்கிறார், இன்னொருவர் சாவியையே செய்கிறார்.

சின்னச் சின்னப் பொய்கள்

'தகுதியுள்ளது பிழைக்கும்' என்ற சொற்றொடர் டார்வினுடையது அல்ல. 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் போட்டது. டார்வின் அதை 1869ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் எடுத்துக்கொண்டார். மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று அவர் 1859இல் எழுதவில்லை. மனிதனைப் பற்றி அந்தப் புத்தகத்தில் சொன்னது ஓரிரு வரிதான். 1871இல் தனிப் புத்தகம் எழுதினார். அதிலும், இன்று மரத்தில் தொங்கும் குரங்கு நம் பாட்டன் என்று இல்லை, இரண்டு பேருக்கும் பொதுவான மூதாதை என்றுதான். சாகும்போது கொள்கையைக் கைவிட்டார் என்ற கதை, அவர் இறந்து 33 வருடம் கழித்து 1915இல் கிளம்பியது. அவர் மகள் மறுத்துவிட்டார்.

தில்லையும் தொல்காப்பியமும்

எனக்கு விசில் வாங்கிக் கொடுத்த இடத்துக்கு வருகிறேன். இங்கே கோபப்படாமல் படியுங்கள்.

திருவாசகத்தின் சிவபுராணத்தில், புல் முதல் மனிதர், தேவர் வரை பல பிறவிகள் எடுத்து இளைத்துப்போனதைச் சொல்லும் இடம் உண்டு. நம் ஊரில் அதைக் கேட்காத காது இல்லை. அதைக் காட்டி "இதுதான் பரிணாமம்" என்றேன். சித்தப்பா கேட்ட கேள்வி: "அங்க பிறவி எடுக்கிறது யாருடா? ஒரே உயிர். ஒரே உயிர் பல உடம்புல. டார்வின் சொல்றது ஓர் உயிர் போய் இன்னொண்ணா பிறக்கறது இல்ல. லட்சம் தலைமுறையில கூட்டம் மாறறது. ரெண்டும் வேற பேச்சு. மாணிக்கவாசகர் அழுதது வீடுபேறுக்கு. நீ டம்ளருக்கு இழுத்துட்டு வந்துட்ட!"

தொல்காப்பிய மரபியலும் அப்படித்தான். புல், மரம் ஓரறிவு, சிப்பி வகைகள் ஈரறிவு, எறும்பு மூவறிவு, நண்டு நான்கறிவு என்று புலன்களை வைத்து உயிர்களை வகுத்திருக்கிறார். எவ்வளவு நுட்பமான கவனிப்பு! ஆனால் அது வகைப்பாடு. நண்டு எறும்பிலிருந்து வந்தது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. சொல்லாததை அவர் வாயில் திணித்தால், சொன்னதை யாரும் படிக்க மாட்டார்கள். பத்து அவதாரத்தை மீன், ஆமை, பன்றி என்று அடுக்கி நிரூபிப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

இஞ்சினியர்கள் போட்ட முட்டுக்கட்டை

கடைசித் தப்பு, என்னைப் பொறுத்தவரை பெரிய தப்பு: 1859இல் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பது. இந்தப் பகுதியில் நம் ஆட்கள் வருகிறார்கள்.

ஃப்ளீமிங் ஜெங்கின் கடலடித் தந்திக் கேபிள் போட்டவர், இஞ்சினியரிங் பேராசிரியர். 1867இல் டார்வின் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதினார். அன்று எல்லோரும், அப்பா அம்மா குணங்கள் பிள்ளையில் பெயிண்ட் போலக் கலப்பதாக நினைத்தார்கள். ஒரு டிரம் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கரண்டி நீலம் ஊற்றிக் கலக்குங்கள். நீலம் எங்கே? அதுபோல நல்ல மாற்றம் ஒன்று தோன்றினாலும் சில தலைமுறையில் கரைந்து காணாமல் போகுமே, இயற்கை எதைத் தேர்வு செய்யும் என்று கேட்டார். டார்வினால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. தொந்தரவாக இருந்தாலும் தனக்கு மிகவும் பயன்பட்ட விமர்சனம் அது என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

இன்னொருவர், நாம் தெர்மோடைனமிக்ஸில் பெயர் எழுதும் கெல்வின் (அன்று வில்லியம் தாம்சன்). பூமி ஆறுகிற வேகத்தைக் கணக்குப் போட்டு, வயது 2 கோடியிலிருந்து 40 கோடி வருடத்துக்குள் என்று 1862இல் சொன்னார். பின்னர் இன்னும் குறைத்தார். இயற்கைத் தேர்வுக்கு அந்தக் காலம் போதாது. டார்வினும் பூமியின் காலம் பற்றிப் போட்டிருந்த தன் சொந்தக் கணக்கு ஒன்றைப் புத்தகத்திலிருந்து ஏற்கனவே எடுத்துவிட்டிருந்தார். கெல்வினின் கணிதத்தில் பிழை இல்லை, அனுமானத்தில் பிழை. உள்ளே வெப்பம் கடத்தலால் மட்டும் நகர்கிறது என்று வைத்துக்கொண்டார். அதைச் சுட்டிக்காட்டியவரும் ஓர் இஞ்சினியர்தான். அவரிடமே உதவியாளராக இருந்த ஜான் பெரி, 1895இல். இன்று பூமிக்கு 450 கோடி வருடத்துக்கு மேல்.

ஜெங்கினுக்கான பதில் ஏற்கனவே அச்சில் இருந்தது! மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிச் செடிக் கட்டுரையில் குணங்கள் பெயிண்ட் போலக் கலக்கவில்லை, கோலிக்குண்டு போலத் தனித்தனியாகவே போகின்றன. டார்வின் அலமாரியில் அந்தக் கட்டுரை பிரிக்கப்படாமல் கிடந்தது என்று நான் மேடையில் உருகினேனே, அதற்கு ஆதாரமே இல்லை. மெண்டல்தான் டார்வின் புத்தகத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை வாங்கி, கோடு போட்டுப் படித்திருக்கிறார். மெண்டலின் கட்டுரை கவனிப்புப் பெற்றது 1900இல். அதையும் இயற்கைத் தேர்வையும் 1920, 30களில் கணக்கால் இணைத்தவர்கள் ஃபிஷர், ஹால்டேன், சூவல் ரைட் மூவரும். கொள்கை ஒருவாறு காலூன்றி நின்றது அப்போதுதான், டார்வின் இறந்து ஐம்பது வருடம் கழித்து.

அந்த ஹால்டேன் 1957இல் இங்கிலாந்தை விட்டு கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் இறந்தார்.

டம்ளர்களில் ஒன்று தொலைந்துவிட்டது. மீதி ஐந்து வீட்டில் புழக்கத்தில் இருக்கின்றன. சித்தப்பா வந்தால் அம்மா அதில்தான் காபி கொடுக்கிறார்கள்.